பாட்டிலில் பதிவு எண் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ராஜசிங்கமங்கலத்துக்கும் திருப்பாலைக்குடிக் கடற்கரைக்கும் நடுவில் ஒன்றரை ஏக்கரில் முண்டு மிளகாய் (உருண்டையாக இருக்கும் குண்டு மிளகாய்) போடுகிறவன் நான். போன தை மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

செடி பூவெடுக்கிற நேரம். இலைப்பேன் விழுந்து கொழுந்தெல்லாம் மேல்பக்கமாகச் சுருண்டுவிட்டது. பைக்கில் பெட்டி கட்டிக்கொண்டு ஒருவர் ஊருக்குள் வந்தார். “பயோ மருந்துண்ணே, முழுக்க இயற்கை. டேங்குக்கு ரெண்டு மூடி போதும்” என்றார். பாட்டிலில் பச்சை இலைப் படமும் மிளகாய்ப் படமும் இருந்தன. அரை லிட்டர் எழுநூறு ரூபாய், பில் கிடையாது. மூன்று தடவை அடித்தோம். இலைப்பேன் போகவில்லை, பூதான் கொட்டியது. கடைசித் தடவை அடித்த என் மச்சினனுக்கு அன்று ராத்திரி தலைசுற்றலும் வாந்தியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து அடிச்சீங்க?” பாட்டிலைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. மச்சினன் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த டாக்டர் முகம் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971-ஆம் ஆண்டின் விதிகள். எந்தப் பூச்சிமருந்தையும் பரிதாபாத்தில் இருக்கும் மத்தியப் பதிவுக் குழு பார்த்துப் பதிவு செய்த பிறகுதான் நாட்டுக்குள் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ முடியும். பூச்சி சாகிறதா என்பதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. மனிதனுக்கும் கால்நடைக்கும் மீனுக்கும் என்ன ஆகும், எந்தப் பயிருக்கு எவ்வளவு அடிக்கலாம், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதெல்லாம் அதில் வரும். நெல்லுக்குப் பதிவான மருந்து மிளகாய்க்கும் ஆகும் என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டிலில் பதிவு எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, மருந்தின் பெயரும் அளவும், விஷ முறிவுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு, சிவப்பு மஞ்சள் நீலம் பச்சை என்று விஷத்தின் கடுமையைக் காட்டும் முக்கோணம் எல்லாம் இருந்தாக வேண்டும். அந்த டாக்டர் தேடியது இதைத்தான்.

இந்தச் சட்டம் சும்மா வந்ததில்லை. 1958-இல் கப்பலில் கோதுமை மாவு மூட்டைகளோடு ஏற்றி வந்த பாரத்தியான் என்ற பூச்சிமருந்து ஒழுகி மாவில் கலந்தது. அதைச் சாப்பிட்டுக் கேரளத்திலும் நம் சென்னை மாநிலத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட சட்டம் இது. 

எங்கள் பக்கம் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கடையின் லைசென்ஸ் வேறு, மருந்தின் பதிவு வேறு. லைசென்ஸ் கொடுப்பது மாநில வேளாண் துறை. பதிவு தருவது மத்தியக் குழு. சுவரில் லைசென்ஸ் மாட்டியிருப்பதாலேயே அலமாரியில் உள்ள ஒவ்வொரு பாட்டிலும் பதிவானது என்று ஆகாது. ‘பயோ’ என்று எழுதினாலும் பதிவு வேண்டும். வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின், நுண்ணுயிரிகளான சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, பவேரியா எல்லாமே விற்பனைக்கு வருவதென்றால் பதிவாக வேண்டியவைதான். வீட்டில் வேப்பங்கொட்டையை இடித்துக் கரைசல் எடுத்துச் சொந்தக் காட்டில் தெளிக்கும் சம்சாரியை இந்தச் சட்டம் தொடுவதில்லை. அது நல்ல ஏற்பாடு. ஆனால் பாட்டிலில் அடைத்து விலை சொன்ன நொடியிலிருந்து கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இதில் கடற்கரைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று எங்கள் பெரிய கண்மாயைச் சொல்வார்கள். நல்ல மழை வருஷத்தில் கண்மாய் மறுகால் பாய்ந்தாலும், காடுகளில் தேங்கிய தண்ணீர் வடிந்தாலும் கடைசியில் போய்ச் சேருவது வடகடல், அதாவது பாக் விரிகுடா. சைபர்மெத்ரின் மாதிரியான மருந்துகள் இறாலுக்கும் நண்டுக்கும் மிகச் சிறிய அளவிலேயே கொடிய விஷம். பெயர் தெரியாத பாட்டிலில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாதபோது, திருப்பாலைக்குடியில் நண்டு வலை போடுகிறவருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை நம்பி வாங்குகிறவர்களுக்கு வத்தலில் மருந்து எச்சம் இல்லாமல் கொடுக்க வேண்டிய பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது. அதற்கு அரசு சில காரியங்கள் செய்ய வேண்டும். மிளகாய்க்குப் பதிவான மருந்துகளின் பட்டியலை, அளவோடும் காத்திருப்பு நாட்களோடும், தமிழில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் உரக்கடை வாசலிலும் ஒட்டுங்கள். மருந்தோடு வரும் துண்டுத்தாளில் தமிழ் இருக்கிறது, சரி, ஆனால் பூதக்கண்ணாடி இல்லாமல் என் வயதில் யாரும் படிக்க முடியாது. பில் இல்லாமல் ஊர் ஊராக விற்கிறவர்களிடம் மருந்தின் மாதிரியை அதிகாரிகள் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நான் புகார் கொடுக்கப் போனபோது முதலில் கேட்டது பில்லைத்தான். என்னிடம் இல்லை, புகார் அங்கேயே நின்றுவிட்டது. விவசாயிகளே, பத்து ரூபாய் கூடப் போனாலும் பில் வாங்குங்கள்.

எங்கள் பக்கம் புரட்டாசியில் மிளகாய் விதைப்பு தொடங்கிவிடும். அதற்கு முன்பு பட்டியல் வந்துவிட்டால் இந்த வருஷமே உதவும்.

இப்படிக்கு,
ஒரு மிளகாய் விவசாயி,
ராஜசிங்கமங்கலம் வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.