மூத்தவனுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கிழக்குத் தோட்டத்துத் தென்னையில் வெள்ளை ஈ இன்னும் குறையவில்லை, கீழ் ஓலையெல்லாம் கரி பூசினாற்போல் கிடக்கிறது. போன வாரம் ஒரு உழவு மழை பெய்தது.

இதைத் தபாலில் போடலாம் என்றுதான் உறை வாங்கி வந்தேன். விலாசம் எழுத உட்கார்ந்தபோதுதான் என்னிடம் இருப்பது பழைய விலாசம் என்று உறைத்தது. சரி, பாப்பா படம் பிடித்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். டவர் கிடைக்கும்போது படி.

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்தோம். கோகோனினோ காடு, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பிளாக்ஸ்டாஃப் ஊர்ப் பக்கம் என்று பாப்பா மேப்பில் காட்டினாள். 7,000 அடி உயரமாம், நம் ஊட்டி மாதிரி. அந்தப் பைன் மரப்பட்டையை வெயில் நேரத்தில் முகர்ந்தால் வெனிலா வாசம் வரும் என்று நீ சொன்னதை அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். காசு வாங்காமல், ரூம் எடுக்காமல், அரசாங்கக் காட்டில் யார் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தித் தங்கலாம் என்பதை நம் ஊர்க்காரர்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். அமராவதி அணைக்கு மேலே காட்டிலாகாவைக் கேட்காமல் ஒரு ராத்திரி தங்கிவிட முடியுமா?

நீ வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய்த் தங்குகிற டிரெய்லரைப் பின்னால் எடுத்து இரண்டு மரத்துக்கு நடுவில் நிறுத்திய வீடியோவை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினேன். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தால் பெட்டி வலது பக்கம் போகும், கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். 20 வருஷம் டிராக்டர் ஓட்டியவனே திணறுவான். நீ ஒரே தடவையில் நிறுத்தினாய். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஆனால் ரோடு விஷயத்தில் அப்பா சொல்வதைக் கேள். தெரியாத பாதையில் டிரெய்லரோடு நுழையாதே. முதலில் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார். கடைசியில் திரும்ப இடம் இருக்கிறதா, எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க முடியுமா, கிளை தாழ்ந்து கிடக்கிறதா, எல்லாம் பார்த்துவிட்டு வந்து எடு. பாதை எண்ணைப் பலகையில் படுக்கையாக எழுதியிருந்தால் கார் போகிற ரோடு, நெட்டுக்குத்தாக எழுதியிருந்தால் அடிப்பாகம் தரையிலிருந்து உயரமாக இருக்கிற வண்டிக்கு மட்டும்தான் என்று நீ சொல்லியிருக்கிறாய். நெட்டுக்குத்தாக இருந்தால் டிரெய்லரைக் கொண்டுபோகவே வேண்டாம். அலை அலையாக இருக்கும் மண் ரோட்டில் மெதுவாகப் போ, அந்த அதிர்ச்சியில் ஒவ்வொரு நட்டும் தளரும். நிறுத்தியதும் சக்கர நட்டைக் கையால் தொட்டுப் பார். பெட்டிக்குள் சாமானைப் பின்பக்கம் ஏற்றாதே. முன்பாரம் கொஞ்சம் இருக்க வேண்டும், பின்பாரம் ஆனால் ஓடும்போது வால் ஆட்டும். கரும்பு ஏற்றுகிறவனுக்கும் அதே கணக்குதான். அங்கேயும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம்தானாமே? களிமண் பாதை நனைந்திருந்தால் காயும்வரை நகராதே. அரிசி பருப்பு இருந்தால் இரண்டு நாள் கூடுதலாகக் கிடந்தால் என்ன. காய்ந்த மரத்துக்கு அடியில் நிறுத்தாதே. தீ மூட்டினால் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டு, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். கேஸ் அடுப்பை எரியவிட்டுக்கொண்டு ஜன்னலை மூடித் தூங்காதே. நான் முதலிலேயே சொன்னதுதான், நடந்து போய்ப் பார்க்காமல் உள்ளே எடுக்காதே.

பாப்பா அந்தக் காட்டிலாகாவின் விதிகளை எனக்குப் படித்துச் சொன்னாள். 30 நாளில் 14 நாள் தங்கலாம், அப்புறம் கிளம்பிவிட வேண்டும். ஏரி, ஓடையிலிருந்து 200 அடி தள்ளித் தங்க வேண்டும். குப்பையைத் திரும்ப எடுத்துப் போய்விட வேண்டும். மழைக்கு முன்னால் வறண்ட மாதங்களில் நெருப்பு மூட்டவே தடை போடுவார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. "காட்டில் தங்கலாம், குடியிருக்கக் கூடாது" என்று ஒரு விதி. அதைப் படித்தபோது பாப்பா என்னைப் பார்த்தாள். நான் மேற்கொண்டு படிக்கச் சொன்னேன்.

முதல் படம் ஆனி மாதம் வந்தது. இப்போது ஐப்பசி. இதற்குள் ஏழு இடம் மாறியிருக்கிறாய், நான் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். லீவில் ஊர் சுற்றுகிறோம் என்றாய். அமெரிக்காவில் இவ்வளவு லீவு கொடுக்கிறார்கள் என்றால் நல்லதுதான். ஆனியில் வந்த படத்தில் இரண்டு மடக்கு நாற்காலி இருந்தது. ஆடிக்குப் பிறகு ஒன்றுதான் இருக்கிறது. மருமகள் நின்று படம் எடுத்திருப்பாள் என்றாள் அம்மா. எடுத்த ஆளின் நிழல் மண்ணில் விழுந்திருக்கிறது, கண்ணு. அந்தத் தோளை எனக்குத் தெரியாதா.

கேட்கவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்வோம். அந்தப் பக்கம் பனி விழ ஆரம்பித்தால் காட்டு ரோடுகளை வசந்தம் வரை பூட்டிவிடுவார்கள் என்கிறாள் பாப்பா. அதற்கு முன்னால் கீழே இறங்கிவிடு. எங்கே இறங்குவாய் என்று அம்மா கேட்டாள். அவனுக்குத் தெரியும் என்றேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தங்கைக்காவது சொல்லியிருக்கலாம். அப்படி என்ன வளர்த்துவிட்டோம் என்று ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். அம்மாவிடமும் கத்திவிட்டேன்.

அப்புறம் போன சனிக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பாப்பாவின் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரெய்லர் மூக்குத் தெரிகிற படம். வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின்மேல் டிரெய்லர் கொக்கி உட்கார்ந்திருக்கிறது. பூட்டுக்குக் குறுக்கே பின் போட்டிருக்கிறாய். பின்னுக்குக் கிளிப் போட்டிருக்கிறாய். அந்தக் கிளிப்புக்கு மேலே கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே மடக்கி விட்டிருக்கிறாய். அங்கே யாரும் அப்படிக் கம்பி சுற்றுவதில்லை, எனக்குத் தெரியும். பாப்பா மற்றவர்களுடைய வண்டிப் படங்களையும் காட்டினாள்.

1998 தை மாதம். உனக்கு 12 வயது. நம் டிராக்டர் கொக்கிப் பின்னுக்குப் போடும் கிளிப் தீபாவளிக்கு முன்னாலேயே தொலைந்துவிட்டது. உடுமலை போகும்போதெல்லாம் வாங்க வேண்டும் என்று நினைப்பேன், மறந்துவிடுவேன். அதுவரை கட்டுக்கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விடியற்காலையில் கன்றுக்குட்டிப் படல் பிய்ந்துவிட்டது என்று அந்தக் கம்பியை அவிழ்த்து அங்கே கட்டியவன் நான்தான். பெட்டி நிறையக் கரும்பு. ஆலையில் எங்கள் முறை தவறிவிடும் என்ற அவசரம். நீதான் பின்னைப் போட்டாய், சரியாகத்தான் போட்டாய். போட்டுவிட்டு நிமிர்ந்து, "அப்பா, கம்பி?" என்று கேட்டாய். "ஏறு, நேரமாச்சு" என்றேன்.

மடைக்குப் பக்கத்தில் கரை ஏறும்போது பின் எகிறியது. வடக்கு வீட்டு மாமா சக்கரத்துக்குக் கட்டை போடுவதற்குப் பின்னாலேயே நடந்து வந்தார். மற்றது உனக்குத் தெரியும்.

தெரியாதது இது. கூட்டம் கூடியதும் "பையன் பின்னைச் சரியாப் போடலை" என்று நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் சொன்னேன். அத்தை அழுதுகொண்டு கேட்டபோது அவளிடமும் சொன்னேன். சின்னப் பையன், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். நீ ஒரு தடவைகூட "கம்பி கேட்டேனே" என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு டிராக்டர் பக்கமே வரவில்லை. பையன் படிப்புப் பக்கம் திரும்பிவிட்டான் என்று இத்தனை வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எதையும் எங்களிடம் ஏன் சொல்லமாட்டேன் என்கிறாய் என்று யோசித்தால் அந்த வாய்க்கால் கரையில்தான் போய் நிற்கிறேன். அன்றைக்கு நீ சொன்னதைக் காதில் வாங்காமல் பழியையும் உன் தலையில் போட்டவனிடம் நீ எதைச் சொல்வாய்.

ஞாயிற்றுக்கிழமை வடக்கு வீட்டுக்குப் போனேன். மாமா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கம்பியை நான்தான் அவிழ்த்தேன், பையன்மேல் தப்பில்லை என்று சொன்னேன். அத்தை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் "அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காபி குடித்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் அன்று ராத்திரி சொன்னேன். இன்னும் சரியாகப் பேசவில்லை. அது எங்களுக்குள் இருக்கட்டும், நீ கவலைப்படாதே.

பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டு. கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும். கம்பியும் இருக்கட்டும், கழற்றாதே. எங்கே திரும்புவது என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டு எடு.

உடுமலையில் நல்ல கெட்டியான கிளிப் நாலு வாங்கி வைத்திருக்கிறேன். உன் கொக்கிக்குச் சேருமா தெரியவில்லை, இருந்தாலும் வாங்கிவிட்டேன். அம்மா பருப்புப்பொடி அரைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரே பார்சலாகக் கட்டியாகிவிட்டது. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா