வலப்பக்கம் உன்னுடையது

கோண்டாவில்,
27.08.2025

அன்பு மச்சான்,

உன் கடிதம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மஞ்சத் திருவிழா நடந்த கிழமையே கைக்கு வந்துவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று குறை நினைக்காதே. தேர் பார்த்து, தீர்த்தம் பார்த்து, ஆறுதலாக இருந்து எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். பூங்காவனம், வைரவர் மடை எல்லாம் முடிந்துவிட்டது. விரதம் முடிந்து நேற்றுத்தான் பரணில் இருந்து மீன், மச்சம் சமைக்கும் சட்டிகள் இறங்கின. மனிசி ஒடியற்கூழ் காய்ச்சினாள். பிலாவிலை கோலிக் குடிக்கும்போது உன் கதைதான் கதைத்தோம்.

உன் அம்மாவின் ஆட்டத்திவசத்தை அங்கே நல்லபடி செய்து முடித்தாய் என்று எழுதியிருந்தாய். மனம் ஆறியது. தேர் அன்று அவவின் பெயருக்கும் ஒரு அர்ச்சனை செய்வித்தேன். அர்ச்சனைச் சீட்டு இப்பவும் ஒரு ரூபாய்தான். உலகம் முழுக்க விலை ஏறினாலும் நல்லூரில் அந்த ஒரு ரூபாய் அசையவில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் நாங்கள் கண்ட திருவிழாவைக் காட்ட முடியுமா?" என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை மச்சான் அது.

கண்ணுக்குத் தெரிகிறவை நிறைய மாறிவிட்டன. நீ 1989இல் வெளிக்கிட்டபோது கிழக்கு வாசல் கோபுரம் ஒன்றுதான் நின்றது. 2011இல் தெற்கில் ஒன்பது நிலைக் கோபுரம் எழும்பியது, 2015இல் வடக்கிலும் ஒன்று. பருத்தித்துறை வீதியால் வரும்போது இரவில் அந்தப் பொன் நிறம் தூரத்திலேயே தெரியும். கடைகளும் பெருகிவிட்டன. ஐஸ்கிறீம் கடைக்கு முன்னால் எங்கள் காலத்துச் சனம் நின்றதைப் போலப் பத்து மடங்கு நிற்கிறது. விளம்பரக்காரரின் ஒலிபெருக்கிச் சத்தம் எனக்குப் பிடிப்பதில்லை. சுவாமி வெளியில் வரும் நேரம் ஆயிரம் கை போனைத் தூக்குவதும் பிடிப்பதில்லை. கும்பிடத் தூக்கின கைகள் அல்லவா அவை.

ஆனால் வெளிவீதி மணல் அப்படியே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லாரும் நடக்கிறார்கள். பூசைக்கு மணி அடிக்கும் நேரம் பிசகுவதில்லை. ஆம்பிளைகள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போகிறார்கள். இந்த வருடம் யூலை 29 கொடி, ஓகஸ்ட் 21 தேர். கொடியேறும் அன்று வெயில் தகித்தது. தேர் அன்று சோழகக் காற்று வீசி வியர்வையைக் கொஞ்சம் ஆற்றியது.

எங்கள் வீட்டில் திருவிழா எப்படித் தொடங்கும் என்று உனக்கு நினைவிருக்கும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் அம்மா குசினி முழுவதையும் கழுவி, சாணி தெளித்து மெழுகுவா. மீன் சட்டி, அகப்பை, தேங்காய் துருவும் அந்தத் திருவலை கூட மச்சம் பட்டதென்று ஒதுக்கிப் பரணில் ஏற்றிவிடுவா. புதுச் சட்டி இரண்டு சந்தையில் வாங்கி வந்து, தவிடு போட்டுக் காய்ச்சிப் பழக்குவா. இருபத்தைந்து நாளும் முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, மோர்மிளகாய். பதினைந்தாம் நாள் போல நானும் தங்கச்சியும் மீன் வாசத்துக்கு ஏங்கத் தொடங்குவோம். அம்மாவிடம் சொன்னால், "முருகன் உங்களைப் பார்க்கத் தெருவுக்கு வாறார், நீங்கள் அவருக்காக நாக்கைக் கட்ட மாட்டியளோ" என்பா. இப்போது அதே சொல்லை மருமகள் என் பேரனுக்குச் சொல்கிறாள். எங்கே கேட்டாளோ தெரியாது. அம்மாவை அவள் கண்டதே இல்லை.

உன் அம்மாவின் கச்சான் கடலை ஞாபகத்தைச் சொல்லாமல் விட முடியாது. செட்டித்தெருப் பக்கத்துக் கடைகளில் எத்தனை ஆச்சிமார் இருந்தாலும், ஒவ்வொரு கடையிலும் ஒரு கச்சானை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்ப்பா. உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் வறுவல் காணாது. அடுத்த கடைக்கு நடப்பா, நாங்கள் பின்னால் இழுபட்டுப் போவோம். கடைசியில் பிடித்த கடையில் ஒரு சுண்டு வாங்கி எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கடதாசிச் சரையில் கொட்டித் தருவா. மணலில் வறுத்த கச்சான், சரை அடியில் இரண்டு மணல் துணிக்கை கட்டாயம் கிடக்கும். அந்த மணல் பல்லில் கடிபடும்போது வரும் ருசிதான் எனக்குத் திருவிழாவின் ருசி. இந்த வருடமும் வன்னிக் கச்சான்தான் வாங்கினேன். காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரப் பிள்ளை சிரித்தாள்.

நீ போனபிறகு வந்த வருடங்களைப் பற்றி உனக்கு நான் அதிகம் எழுதினதில்லை. 1990இல் மின்சாரம் நின்றது. கடைகளில் பெற்றோமாக்ஸும் சிமினி விளக்கும்தான். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் அதுவும் குறைந்தது. சனம் சைக்கிளில் வந்தது, ஒரு சைக்கிளில் மூன்று பேர். கோயிலைச் சுற்றியிருந்த வீட்டு வளவெல்லாம் சைக்கிள் பாதுகாப்பு நிலையம். இருட்டில், சிமினி வெளிச்சத்தில், மணிக்கடைக் காப்புகள் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு தங்கச்சி நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 1995 ஐப்பசியில் எல்லாரும் ஒரே இரவில் வீடுவாசல் விட்டுச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தோம். அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது பரணில் அம்மா ஏற்றி வைத்த சட்டிகளில் ஒன்றுகூட இல்லை. அந்த வருடக் கொடிக்கு முதல் நாளும் அம்மா குசினியை மெழுகினா. ஒதுக்க ஒரு மீன் சட்டி கூட இல்லாத வீட்டில் மெழுகினா.

இப்போது அப்பாவின் கதை. உன் கேள்விக்குப் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

1967இல் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது அப்பா நல்லூரானுக்கு நேர்ந்தார், தேர் அன்று மணலில் உருண்டு பிரதட்டை செய்வதாக. ஒரு வருடத்துக்குத்தான் நேர்த்தி. பிறகு அவரால் விட முடியவில்லை. புகையிலைத் தோட்டத்தில் பட்டையிறைத்துக் காய்த்துப்போன உடம்பு. தேர் அன்று விடிய மூன்று மணிக்கு வெளிக்கிட்டு இருட்டில் நடந்து போவோம். கோயிலடியில் குளித்து, ஈர வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு மணலில் கிடப்பார். தேர் அசைந்ததும் அதன் பின்னால் உருளத் தொடங்குவார். சித்தப்பா ஓரம் போகாமல் பிடித்துத் திருப்பிவிடுவார். அம்மா கற்பூரச்சட்டியோடு பின்னால் வருவா.

எனக்கும் உனக்கும் ஒரு வேலை இருந்தது, நினைவிருக்கிறதா? ஆளுக்கொரு சின்னப் பனையோலைப் பெட்டி. சிதறு தேங்காய் அடித்த இடத்தில் சிரட்டைத் துண்டு கத்தி போலக் கிடக்கும். கச்சான் கோது, கல்லு, கற்பூரம் எரிந்த தகரத் துண்டு. அப்பாவின் முதுகு படுவதற்கு முன்னால் இவற்றைப் பொறுக்க வேண்டும். இடப்பக்கம் நான், வலப்பக்கம் நீ. தகப்பன் இல்லாத பிள்ளை நீ, அப்பாதான் உன்னை அந்தப் பக்கத்தில் விட்டார். "இவன் கண் கூர்மையானது" என்றார். ஒரு முறை தெற்கு வீதி மூலையில் நீ பெட்டியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் ஒரு சிரட்டையைத் தட்டி எறிந்தாய். உன் உள்ளங்கை கிழிந்தது. அப்பா உருண்டுகொண்டே கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவரே மஞ்சள் வைத்துக் கட்டினார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கும், பார்.

அன்றிரவு அப்பா திண்ணையில் குப்புறப் படுப்பார். அம்மா ஈரத் துவாயால் முதுகைத் துடைப்பா. வியர்வையோடு ஒட்டிக் காய்ந்த மணல், தோளில், காதுமடலுக்குள், தலைமயிருக்குள். எவ்வளவு துடைத்தாலும் அடுத்த நாள் பாயில் மணல் இருக்கும். அம்மா அதைக் கூட்டிக் கொட்ட மாட்டா. ஒரு சிரட்டையில் எடுத்துப் போய்த் துளசியடியில் போடுவா.

1996இல் அவரால் உருள முடியவில்லை. தேரடிக்கு, செல்லப்பா சுவாமி என்ற சித்தர் இருந்த அந்த இடத்துக்கு, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். குனிந்து ஒரு பிடி மணலை எடுத்துத் தன் நெஞ்சில் பூசிக்கொண்டு நின்றார். ஆறுமுகசுவாமி பச்சை அலங்காரம் சாத்தித் தேரால் இறங்கி வரும்வரை வெயிலில் நின்றார். இரண்டு வருடத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் உருண்டேன், முழங்கால் விடும்வரை.

இந்த வருடம் மகன் வவுனியாவில் இருந்து லீவு போட்டு வந்தான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். "அப்பா, நான் உருளுறன்." தேர் அன்று விடியப்புறம் நாங்கள் நடந்துதான் போனோம், வான் பிடிக்க அவன் விடவில்லை. ஏழு வயதுப் பேரனிடம் பழைய பெட்டியைக் கொடுத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு நாளாக முற்றத்தில் பழக்கியிருந்தேன். பெடியன் ஒரு துண்டு விடவில்லை. வடக்கு வீதியில் ஒரு கச்சான் கோதைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான் பார், அந்த முகத்தில் நான் உன்னையும் என்னையும் கண்டேன். கண் நிறைந்துவிட்டது.

ஆனால் மச்சான், அவன் இடப்பக்கத்தை மட்டும்தான் பார்த்தான். வலப்பக்கம் பொறுக்க ஆள் இல்லை. என்னால் குனிய முடியவில்லை. காலால் தள்ளிக்கொண்டு போனேன். மகனின் வலது தோளில் இரண்டு இடத்தில் கீறிவிட்டது. பெரிய காயமில்லை, இரவு மருமகள் மஞ்சள் வைத்தாள்.

ஆகவே உன் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று வராதே. வெறுமனே காட்டினால் அவர்கள் ஐஸ்கிறீம் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களில் பிழையும் இல்லை. கையில் ஒரு வேலை கொடு. சின்னவளுக்குக் குசினி மெழுக மனிசி சொல்லித் தருவாள், தவிடு போட்டுச் சட்டி பழக்கவும் சொல்லித் தருவாள். பெரியவனுக்கு வயது எட்டு என்று எழுதியிருந்தாய், பெட்டி பிடிக்கத் தோதான வயது. தமிழ் அவ்வளவாகக் கதைக்க மாட்டான் என்று கவலைப்பட்டிருந்தாய். சிரட்டை பொறுக்க எந்தப் பாசையும் தேவையில்லை.

ரிக்கற் போடுவதற்குக் கணக்கைச் சொல்கிறேன். ஆடி அமாவாசையில் இருந்து எண்ணி ஆறாம் நாள் கொடி. அடுத்த வருடம் அமாவாசை ஓகஸ்ட் 12 வருகிறது, ஆகவே கொடி 17ஆக இருக்கும். மஞ்சம் பத்தாம் நாள். தேர் இருபத்துநான்காம் நாள், செப்டம்பர் 9இல் வரும். அங்கே பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம் அது, தெரியும். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் என்ன என்று மகளிடம் நான் கேட்டதாகச் சொல்லு. அவள் சின்னப் பிள்ளையாக என் தோளில் இருந்துதான் சப்பறம் பார்த்தாள்.

இங்கே ஒரு ஆச்சி பனையோலையில் வடிவாக இழைக்கிறா. நேற்றுப் பின்னேரம் சைக்கிளில் போய் இன்னொரு பெட்டி சொல்லிவிட்டு வந்தேன், பழையதின் அளவில். பங்குனிக்குள் தருவதாகச் சொன்னா.

உன் உள்ளங்கைத் தழும்பைப் பேரனுக்குக் காட்டு.

அன்புடன்,
உன் மச்சான்