அந்த முறைப்பாட்டை மூடிவிடாதே

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் மின்னஞ்சல் நேற்றிரவு கிடைத்தது. ஊர்ப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன், முதலில் இதைக் கேள். இணையத்தில் வாங்கிய வால்வு ரேடியோ வந்து சேரவில்லை என்று, நீ பணம் அனுப்பிய பேபால் சேவையில் திறந்திருக்கிறாயே, அந்த முறைப்பாட்டை மூடிவிடாதே. "நீங்கள் மூடினால் உடனே பணத்தை அனுப்பிவிடுகிறேன்" என்று விற்றவன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாலும் மூடாதே. பேபாலில் ஒருமுறை மூடியதை மறுபடி திறக்க முடியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கெஞ்சுகிறான்.

"போனது போகட்டும், 140 டொலர்தானே" என்று எழுதியிருந்தாய். அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பழைய வால்வு ரேடியோவை நீ ஏன் தேடினாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவின் கடையில் சீனி மூட்டைகளுக்கு மேலே, தட்டில் இருந்தது அதே மாதிரிதான். திருகிவிட்டு, வால்வுகள் சூடாகும் வரை நாம் இருவரும் வாயைத் திறக்காமல் நிற்போம். பிறகு இலங்கை வானொலி மெல்ல மெல்ல மேலே வரும். அந்த ஆசையைக் காட்டித்தான் ஒருவன் உன்னிடம் பணம் பிடுங்கியிருக்கிறான். அதை எப்படிப் போகட்டும் என்று விடுவது?

நல்ல காலம், அவன் கேட்டபடி "நண்பர்களும் குடும்பமும்" என்ற வழியில் நீ பணம் அனுப்பவில்லை. அந்த வழியில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. நீ பொருளுக்கான கொடுப்பனவாகவே அனுப்பியிருக்கிறாய், 180 நாளுக்குள் முறைப்பாடும் திறந்துவிட்டாய். ஆனால் திறந்தால் மட்டும் போதாது. முதலில் அது உனக்கும் அவனுக்கும் இடையிலான பிணக்காகத்தான் கிடக்கும். 20 நாளுக்குள் நீயே அதை அடுத்த படிக்கு உயர்த்தி, பேபாலைத் தீர்ப்புச் சொல்லக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். நீ திறந்து 11 நாள் ஆகிறது. "அடுத்த கிழமை", "தபாலில் தாமதம்", "தாய்க்குச் சுகமில்லை" என்று அவன் சொல்லிக்கொண்டிருப்பது மிச்சமிருக்கும் 9 நாளையும் தின்னத்தான்.

பொதி கனடாவில் உன் ஊரான ஸ்காபரோவில் ஒப்படைக்கப்பட்டதாகத் தபால் இலக்கம் காட்டுகிறது என்று அவன் சொல்வதைக் கண்டு மலைத்துவிடாதே. இது பழைய தந்திரம். அதே நகரத்தில் வேறொரு முகவரிக்கு ஒரு சாதாரணக் கடித உறையை அனுப்புவார்கள். வெளியே தெரிவது நகரத்தின் பெயர் மட்டும்தான். நாளைக்கே உன் தபால் கந்தோருக்குப் போய், அந்த இலக்கத்துக்குரிய பொதி உன் முகவரிக்கு வந்ததா, அதன் எடை எவ்வளவு என்று கேள். வால்வு ரேடியோ நாலைந்து கிலோவாவது இருக்கும். பதிவில் 40 கிராம் என்று இருந்தால் அதற்கு மேல் வாதம் வேண்டாம். எழுத்தில் வாங்கி, படமெடுத்து, முறைப்பாட்டோடு சேர்த்துவிடு.

இதையெல்லாம் அடித்துச் சொல்கிறேன் என்றால், எனக்கும் நடந்தது. உனக்கு இதுவரை எழுதவில்லை.

மாசியில் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ஒரு தபாலட்டை ஏலத்துக்கு வந்தது. நம் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை, கடல் பக்கமிருந்து எடுத்த படம். கோயில் இல்லை, பாறையும் அதன்மேல் ஒற்றைத் தூணும் மட்டும். "1905 அளவில், அசல்" என்று எழுதியிருந்தது. உனக்குத் தெரியும், 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த பிறகு, இப்போதுள்ள கோயிலுக்கு 1963இல்தான் குடமுழுக்கு நடந்தது. அம்மம்மா கற்பூரம் கொளுத்தியது அந்த வெறும் பாறையில். அவர் பார்த்த பாறையை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆரம்ப விலை 5 டொலர். நான் என் உச்சத்தொகையாக 60 டொலரைப் பதிந்தேன். அதை வைத்துக்கொண்டு, எதிரே கேட்பவரைவிட ஒரு படி மட்டும் கூட்டித் தளமே நமக்காகக் கேட்கும். ஒருவர் 12, 18, 25 என்று ஏற்றிக்கொண்டே வந்தார். கடைசி நாள் திடீரென்று 100 டொலர் கேட்டார். விலை 61இல் போய் நின்றது, அதாவது என் மடியில் 60 இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சில நிமிடத்தில் "தவறுதலாகத் தட்டிவிட்டேன்" என்று அதைத் திரும்பப் பெற்றார். பிறகு நிதானமாக 58 கேட்டார். அட்டை 59 டொலருக்கு என் தலையில் விழுந்தது.

நம் கடற்கரையில் மீன் ஏலம் நடக்கும்போது மீனுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மைத்துனன் கூட்டத்தில் நின்று விலையை ஏற்றினால், ஊருக்கே முகம் தெரியும். அவனையே மீனைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். இணையத்தில் கேட்பவனின் பெயர் இரண்டு எழுத்தும் நடுவில் நட்சத்திரமும்தான். ஆனாலும் ஏல வரலாற்றைத் திறந்தால் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. இந்த மனிதர் அந்த மாதம் கேட்ட அத்தனையும் இந்த ஒரே விற்பனையாளரின் பொருட்கள். இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டிலேயே ஈபேயில் ஓர் ஓவியத்தைப் பொய்ப் பெயர்களில் தாங்களே கேட்டுக் கேட்டு 135,805 டொலர் வரை கொண்டுபோன ஒரு கூட்டம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டது.

அட்டை வந்தது. வலது மூலையில் பழைய மடிப்பு ஒன்று, படத்தில் பார்த்தபடியே. விரலால் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. மடிப்பும் அச்சாகியிருந்தது! பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், கறுப்பு வெள்ளைப் படத்தில் பாறை முழுக்க நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள். அப்படியே நகைக் கடைக்குப் போய், கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் பிடித்தேன். நீலம் போட்டு வெளுத்த பள்ளிச் சட்டை மாதிரி மின்னியது. வீட்டிலிருந்து கொண்டுபோன தாத்தாவின் பழைய கடிதம் அதே விளக்கில் மங்கலாகவே கிடந்தது. காகிதத்துக்கு அந்த வெளுப்பு மருந்து சேர்த்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வழக்கம். 1905க்கு அதில் இடமே இல்லை.

அன்றே தளத்துக்குள்ளேயே விற்றவனுக்கு எழுதினேன், வெளி மின்னஞ்சலில் ஒரு சொல்கூட இல்லை. திட்டவுமில்லை. மடிப்பு, புள்ளி, விளக்கு, மூன்று படங்கள், அவ்வளவுதான். "20 டொலர் திருப்பித் தருகிறேன், அட்டையை வைத்துக்கொள்ளுங்கள்" என்றான். மறுத்தேன். பொருள் கையில் கிடைத்து 30 நாளுக்குள் முறையிட வேண்டும், விற்றவனுக்கு மூன்று வேலை நாள் தவணை, அதற்குள் தீர்க்காவிட்டால் ஈபேயைத் தலையிடக் கேட்கலாம். கேட்டேன். பதிவுத் தபாலில் அட்டையைத் திருப்பி அனுப்பினேன். 59 டொலரும் அனுப்புகூலியும் வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு பார்த்ததுதான் மனதை உறுத்துகிறது. முடிந்த ஏலங்களில் தேடினேன். அதே அட்டை, அதே மூலையில் அதே மடிப்பு, எனக்கு முன்பே மூன்று பேருக்கு விற்கப்பட்டிருந்தது. மூவரில் ஒருவர்கூடத் தளத்தில் அவனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர்களும் "போனது போகட்டும்" என்றிருப்பார்கள். யாராவது ஒருவர் எழுதியிருந்தால் நான் அந்த அட்டையைக் கேட்டிருக்கவே மாட்டேன். அவன் பதிலுக்கு என்னைப் பற்றி மோசமாக எழுதிவிடுவானோ என்று நானும் ஒரு நாள் தயங்கினேன். 2008 முதல் அங்கே விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பீடு போட முடியாது என்று மகள்தான் சொன்னாள். உட்கார்ந்து எழுதினேன்: "அசல் என்று விற்றது புதிய அச்சு. மடிப்பும் அச்சிலேயே உள்ளது."

இனி ஊர். கச்சான் காற்று பத்து நாளாக ஓயவில்லை, முற்றத்து மாமரம் பாதிக் காயை உதிர்த்துவிட்டது. வேலியோரத்துப் பூவரசை வெட்ட வேண்டியதாயிற்று, நீ ஏறி விழுந்த அதே மரம். கோட்டைக்குள் மான்கள் முன்பைப் போலவே வாகனங்களுக்கு நடுவில் நடந்து திரிகின்றன. போன வெள்ளி கோயிலுக்குப் போய், உன் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்தேன். நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரக் கூட்டம் நிறைந்துவிட்டது. பாரை மீன் விலை நம் கைக்கு எட்டவில்லை.

தபால் கந்தோரில் சொன்ன எடையை உடனே எனக்கு எழுது. பேபாலுக்கு அனுப்பப்போகும் வாசகத்தையும் அனுப்பு, நானும் மகளும் இருந்து பார்த்துத் தருகிறோம். இங்கே விடியும்போது உனக்கு இரவு, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
உன் பள்ளி வாங்குத் தோழன்