பிறப்புக்குப் பின் வளர்ச்சி

ஐயா,

கிறிஸ்துமஸ் நாளில் தங்கள் நாளிதழில் வெளியான தலையங்கம், 'மறுபடியும் பிறத்தல்' என்பதை ஒரே இரவில் நிகழும் மனமாற்றமாக மட்டும் காட்டியிருந்தது. யோவான் நற்செய்தி காட்டுவது நீண்ட பாதை. இச்சொல்லை முதலில் கேட்ட நிக்கொதேமு என்ற யூதத் தலைவர் 3ஆம் அதிகாரத்தில் இரவில் இயேசுவிடம் வருகிறார். புரியாமல் கேள்வி கேட்கிறார். 7ஆம் அதிகாரத்தில், விசாரிக்காமல் ஒருவரைத் தீர்ப்பது முறையா என்று தம் சகாக்களிடமே கேட்கிறார். 19ஆம் அதிகாரத்தில் ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஆகிய நறுமணப் பொருள்களைச் சுமந்து வந்து, இயேசுவை அடக்கம் செய்ய உதவுகிறார். எவ்வளவு அழகான, நிதானமான வளர்ச்சி! இயேசுவும் ஞானத்திலும் வளர்த்தியிலும் அதிகமானார் என்றுதான் லூக்கா 2ஆம் அதிகாரம் முடிகிறது.

பண்டிகை உற்சாகத்தில் எடுக்கும் வேத வாசிப்புத் தீர்மானம் பெரும்பாலும் வேதாகமத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிடுவதை வேதபாட வகுப்பு நடத்துவோர் அறிவர். ஆர்வக் குறைவைவிட அளவே இதற்குக் காரணம்: ஓராண்டில் வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களை முடிக்க நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் படிக்க வேண்டும், புதிதாகத் தொடங்குபவருக்கு அது பாரம். எனவே திருச்சபைகள் டிசம்பர் 26 முதல் யோவானின் 21 அதிகாரங்களை, நாளுக்கு ஒன்றாக, ஜனவரி 15 வரை வாசிக்கச் செய்யலாம். வாரம் ஒருமுறை மூன்று நான்கு பேர் கூடி, வாசித்ததில் எதைக் கடைப்பிடித்தோம் என்று ஒருவரையொருவர் கேட்டு, சேர்ந்து ஜெபிப்பதும் அவசியம். அந்த வாசிப்பு அட்டவணையைக் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் கையில் கொடுத்துவிட வேண்டும்.