நாலு மணி நேரமா, ஏழு மணி நேரமா?

மன்னார்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். வந்தது வினை. காலை 10 மணிக்குத் திருச்சியில் கிளம்பி, மாலை 4.45-க்குச் சிங்கப்பூரில் இறங்குவதாகப் போட்டிருக்கிறது. "நாலு மணி நேரம்தான்னு சொன்னாளே, ஏழு ஆகுதே" என்று பிடித்துக்கொண்டாள். திரும்பும் டிக்கெட்டில் காலை 9 மணிக்குக் கிளம்பி 10.45-க்குத் திருச்சி. அதையும் பார்த்துவிட்டு, "அங்கேருந்து வர்றதுக்கு ரெண்டு மணி நேரம்கூட இல்லையே, அப்ப அவளையே வரச் சொல்லுங்க" என்கிறாள்.

போக நாலேகால், வர நாலேகால், மீதியெல்லாம் சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் வருகிற வேலை என்றேன். நாற்பது வருஷம் கடிகாரம் பழுதுபார்த்தவன் சொல்லியும் நம்பவில்லை.

அந்த இரண்டரைக்கே ஒரு கதை உண்டு. நான் கடை போட்ட புதிதில், சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் சீக்கோ வாட்சைக் கழற்றி நீட்டுவார்கள். முள்ளை இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிக் கொடுப்பேன். 1982 பிறந்ததும் அது இரண்டரையாகிவிட்டது. மலேசியா தன் கிழக்குக்கும் மேற்குக்கும் ஒரே நேரம் வைத்தபோது, சிங்கப்பூரும் கூடவே அரை மணி முன்னால் போய்விட்டது. சூரியனைக் கேட்டால் கணக்கே வேறு. நமக்கும் உனக்கும் தீர்க்கரேகையில் 24 டிகிரி சொச்சம், டிகிரிக்கு நாலு நிமிஷம். உனக்கு உச்சிப்பொழுதாகி ஒரு மணி 37 நிமிஷத்தில் எனக்கும் ஆகிவிடும். மிச்சம் ஐம்பது சொச்சம் நிமிஷம் மனுஷன் வைத்தது. ஏழு மணிக்குத்தான் விடிகிறது என்று அலுத்துக்கொள்வாயே, அதுவும் இதனால்தான். இனிமேல் ராத்திரி 9 மணிக்கு நான் போன் போட்டால் "பதினொன்றரை ஆச்சுப்பா" என்று சொல்லாதே. சூரியன் கணக்கில் பத்தே முக்கால்கூட ஆகியிருக்காது.

பேரனின் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். திருச்சியிலிருந்து கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். நூல் கோடியக்கரைப் பக்கம் கடலில் இறங்கி, சுமத்ராவின் வடபகுதியைக் கடந்து, மலாக்கா நீரிணை வழியாக வந்து சேர்கிறது. உன் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு தொட்டுப் போய்ச் சேர ஒரு வாரம் ஆனதாம். வழியெல்லாம் வாந்தி என்பதைத் தவிர அந்தப் பயணத்தைப் பற்றி வேறெதுவும் சொன்னதில்லை, பாவம்.

ஆனால் ஒன்று. நாலேகால் என்பது ஆகாயத்துக்கு மட்டும். இங்கிருந்து திருச்சிக்குக் காரில் இரண்டரை மணி, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் உட்கார்வது, இறங்கியபின் இமிக்ரேஷன், பெட்டி, அப்புறம் உன் வீடு. கூட்டினால் பதினொன்றைத் தாண்டுகிறது. அம்மா சொன்ன ஏழே குறைச்சல்தான். இதை அவளிடம் நான் சொல்லவில்லை, நீயும் வாயைத் திறக்காதே.

பிரஷர் மாத்திரையை இங்கே ராத்திரி 8 மணிக்குப் போடுகிறாள், அங்கே அது பத்தரை. எப்போது கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டு வைக்கிறேன். கைக்கடிகாரத்தை மட்டும் மாற்றமாட்டாளாம், மன்னார்குடி நேரத்திலேயே இருக்கட்டுமாம். சரி, இருக்கட்டும்.

சீட் மாற்ற முடிந்தால் எனக்கு ஜன்னலோரம் போடு. கோடியக்கரை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா