ராஜிப் பத்திரத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை

தர்மபுரி

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பெரியவள் பதினொன்றாம் வகுப்பில் நாம் பயந்து ஓடிய கணக்கையே விரும்பி எடுத்திருக்கிறாள். நாம் 'மை லார்ட்' என்று பட்டப்பெயர் வைத்தவர் பாலக்கோட்டில் ஒரு திருமணத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி, நீ உயர் நீதிமன்றத்தில் பெரிய ஆளாகிவிட்டாய் என்று பந்தி முடியும் வரை புகழ்ந்தார். விடுதியில் உன் பங்குக் களியையும் சேர்த்துச் சாப்பிட்ட உரிமையில் நானும் கேட்டுப் பூரித்தேன். குசலம் இத்துடன் போதும்.

சென்ற வாரம் நீதிமன்றத்தில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே குறுக்கிட்டுத் தீர்ப்புகளை அடுக்கத் தொடங்கிவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஊரையும் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். கூலி வேலைக்குப் போகும் ஓர் அம்மா, தனக்கு வர வேண்டிய கூலிப் பாக்கியைக் கேட்டதற்காகக் கடைவீதியில் பலர் பார்க்கச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டப்பட்டு, செருப்பால் அடிக்கப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்குப் பதிவாகி, துணைக் காவல் கண்காணிப்பாளர் விசாரித்துக் குற்றப்பத்திரிகையும் தாக்கல் செய்தார். அந்த அம்மா அவரிடம் சொன்னதையே குற்றவியல் நடுவரிடமும் சொல்லி வாக்குமூலம் கொடுத்திருந்தார். அப்படிப்பட்டவர் சென்ற வாரம் கூண்டில் ஏறி, "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலைங்க, சும்மா வாய்த்தகராறுதானுங்க" என்றார். அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதற்குள் முதல் தகவல் அறிக்கையின் நகலையும் மருத்துவமனைச் சீட்டையும் மழையில் நனையாதபடி லேமினேஷன் செய்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் முன்பு வந்தபோது அவற்றை எடுத்துக் காட்டியவரே அவர்தான். எதுவும் நடக்கவில்லை என்று சொல்லும்போதும் அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டே நின்றார்.

அடுத்து அரசு வக்கீலாக நான் செய்ய வேண்டியிருந்தது உனக்குத் தெரியும். பழைய சாட்சியச் சட்டத்தில் 154ஆம் பிரிவு, புதியதில் 157. அவரைப் பிறழ் சாட்சியாக, அதாவது முன்பு சொன்னதை மாற்றிப் பேசும் சாட்சியாகக் கருத அனுமதி கேட்டு, நான் யாருக்காக நிற்கிறேனோ அவரையே குறுக்கு விசாரணை செய்தேன். "நீங்கள் இப்போது பொய் சொல்கிறீர்கள்" என்று அவரிடம் சொல்வதுதான் என் கடமை, அதைச் சொன்னேன். இந்தப் பணியில் இதைவிடக் கடினமான ஒரு வாக்கியத்தை நான் பேசியதில்லை.

வெளியே வராந்தாவில் அவரே என்னிடம் வந்தார். "பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதுங்கம்மா. ஊர்ல அவங்க வேலை குடுத்தாத்தான் எங்களுக்கு அடுப்பு எரியும். நீங்க சாயங்காலம் வூட்டுக்குப் போயிருவீங்க, நாங்க அங்கதானே இருக்கோணும்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. சட்டம் அவருக்குத் தருவதாகச் சொன்ன ஒவ்வொன்றையும் மனத்துக்குள் வரிசையாகக் கணக்குப் பார்த்தேன், அவ்வளவுதான்.

விசாரணையை முடித்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது விதி. அதன் பிறகு இயன்றவரை இரண்டு மாதங்களுக்குள் வழக்கை முடிக்க வேண்டும், சாட்சிகள் வந்திருந்தால் நாள்தோறும் தொடர்ந்து விசாரிக்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 15ஏ பிரிவோ பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, விசாரணைக் காலத்தில் வாழ்வாதாரச் செலவு, மறுவாழ்வு, தேவைப்பட்டால் இடமாற்றம் வரை உரிமையாகவே தந்திருக்கிறது. இந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குக் கடன் வாங்கி வந்தார். பயணப்படிக்கு நான் மனுப் போட்டேன், உத்தரவும் பெற்றேன். பணம் தர வேண்டிய அலுவலகம் நிதி வரவில்லை என்ற ஒரே பதிலைத் தேதி மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. ராஜி, அதாவது சமரசம், பேச வந்தவர்களுக்கோ நிதித் தட்டுப்பாடு இல்லை. அவர்கள் அவர் வீட்டுத் திண்ணைக்கே வந்தார்கள், இரவில் வந்தார்கள், திரும்பத் திரும்ப வந்தார்கள்.

'காசுக்காகப் போட்ட கேஸ்' என்ற பேச்சை நீயும் கேட்டிருப்பாய், வக்கீல்கள் அறையிலேயே கேட்டிருப்பாய். இப்படிப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் தீருதவித் தொகை எப்படி வருகிறது என்று பார்: முதல் தகவல் அறிக்கைக்கு 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50, கடைசி 25 தண்டனை கிடைத்தால்தான். பணம்தான் நோக்கம் என்றால், கூண்டில் உறுதியாக நின்று அந்தக் கடைசிப் பங்கையும் வாங்கிக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? அவர் அதை விட்டுவிட்டுப் போனார். பயம் பணத்தைவிடப் பெரியதாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள் என்று உன் அறைத் தோழர்கள் கேட்பார்கள். 2024 பிப்ரவரியில் இதே மாவட்டத்தில், மொரப்பூர்ப் பக்கம், வயல் வேலைக்குப் போன பட்டியல் சாதிப் பெண்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தேநீர் ஊற்றிக் கொடுத்த செய்தியை அவர்களிடம் சொல். அதுவும் வெளியே தெரிந்ததால் வழக்கானது.

அன்று இரவு தூக்கம் வராமல் வாச்சாத்தியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்து செய்ததை நீ அறிவாய். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள்; உயிரோடிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்து, அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார்.

அந்தப் பெண்களால் அத்தனை ஆண்டுகள் சாட்சியத்தில் நிலைத்து நிற்க முடிந்தபோது, என் வழக்கின் அம்மாவால் ஏன் முடியவில்லை? துணிச்சலில் வேறுபாடு இருப்பதாக நான் நம்பவில்லை. வாச்சாத்தியில் ஊரே பாதிக்கப்பட்டது, ஊரே சேர்ந்து நின்றது. மலைவாழ் மக்கள் சங்கம் நீதிமன்ற வாசல் வரை உடன் வந்தது. அடித்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். இந்த அம்மா தனி ஆள். அடித்தவரின் நிலத்தைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்கே போக வேண்டும். துணைக்கு யாரும் இல்லாத சாட்சிக்குத் துணையாக இருக்கத்தான் 15ஏ எழுதப்பட்டது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். ஆகவே இப்போதெல்லாம் வழக்கு கோப்பில் ஏறும் முதல் நாளிலேயே பாதுகாப்புக்கும் பயணப்படிக்கும் மனுப் போட்டுவிடுகிறேன். எல்லாச் சாட்சிகளையும் அடுத்தடுத்த நாட்களில் விசாரிக்கக் கேட்கிறேன். எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டால் எழுத்தில் ஆட்சேபிக்கிறேன். சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வழக்கில் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் ஒரே நாளில் முடிந்தன. அவர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடியபோது எனக்குப் பாடவேண்டும் போல இருந்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். "பாதிக்கப்பட்டவரே வேண்டாம் என்ற பிறகு அரசு வக்கீலுக்கு என்ன பிடிவாதம்?" என்று போனமுறை கேட்டாய். தீண்டாமை ஒழிக்கப்பட்டது, அது எந்த வடிவில் வந்தாலும் தடை என்று அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு சொல்கிறது. அது அந்த அம்மாவுக்கும் நிலத்துக்காரருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் இல்லை. கடைவீதியில் நின்று பார்த்த அவருடைய உறவுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அன்று ஒரு பாடம் சொல்லப்பட்டது. அதை அவர் ஒருவரின் கையெழுத்து திரும்பப் பெற்றுவிட முடியாது.

உன்னிடம் ஒன்று கேட்கவே இவ்வளவும் எழுதினேன். ராஜியைக் காட்டி வழக்கை ரத்து செய்யக் கோரும் குவாஷ் மனுக்கள் உன் மேசைக்கு வருகின்றன. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ராமாவதார் வழக்கில் அதற்கு வழி விட்டிருக்கிறது என்று நீ சொல்வாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தீர்ப்பு, தகராறு தனிப்பட்டதா, சாதியைக் காரணமாகக் கொண்டதா என்று பார்க்கச் சொல்கிறது. ராஜி வற்புறுத்தலின்றி நடந்ததா என்பதையும் எச்சரிக்கையோடு பார்க்கச் சொல்கிறது. அதே மாதம் வந்த ஹரிராம் பாம்பி தீர்ப்பு, பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்புக் கொடுத்துக் கேட்பது கட்டாயம் என்கிறது. நீ குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஆஜராவதை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் வக்கீல் வேண்டும். ராஜிப் பத்திரம் கையில் வந்ததும், பாதிக்கப்பட்டவருக்கு யார் வக்கீல், அந்த வக்கீலுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்று உன் கட்சிக்காரரைக் கேள். பத்திரத்தைப் பாதிக்கப்பட்டவருக்குப் படித்துக் காட்டினார்களா என்று கேள். பதில் சரியில்லை என்றால் அந்தப் பத்திரத்தை நம்பி மனுவில் கையெழுத்துப் போடாதே.

நீ முடியாது என்றாலும் காரணத்தை எழுது. அழைத்துப் பேசினால் சிரித்தே என்னை மடக்கிவிடுவாய். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு வா. கிருஷ்ணகிரி மாம்பழம் வரத் தொடங்கியிருக்கும். வரும்போது பாம்பி தீர்ப்புக்குப் பிறகு சென்னையில் 15ஏ அறிவிப்பு பற்றி வந்த உத்தரவுகளின் நகல்களையும் எடுத்து வா. அடுத்த மாதம் ஒரு ஜாமீன் மனுவை எதிர்க்க அவை எனக்குத் தேவைப்படும்.

அன்புடன்,
உன் தர்மபுரிக்காரி