நம் கட்டுமரங்களுக்கும் அளவு மாதிரிகள் வேண்டும்

ஐயா,

குளச்சலில் வசிக்கும் நான், படகுகளைச் சிறு அளவில் செய்து, அவற்றுள் சிலவற்றை ரிமோட் மூலம் நீரில் ஓட்டுவதைப் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகக் கொண்டவன். எனக்குத் தெரிந்த ஆர்வலர்கள் பெரும்பாலும் பெட்டியில் வரும் ஜெர்மானிய டாங்கிகளையும் போர் விமானங்களையும் ஒட்டி வண்ணம் பூசுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் நம் கரையின் கட்டுமரத்துக்கோ கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலைக்கான வள்ளத்துக்கோ அப்படியொரு பெட்டியை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. அவற்றை நாமேதான் அளந்து செய்ய வேண்டும். அதற்கான காலம் குறைந்துகொண்டே வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் எத்தனையோ கட்டுமரங்கள் உடைந்து போயின. அதற்குப் பின் ஃபைபர் வள்ளங்கள் கரையெங்கும் நிறைந்தன. தொழிலுக்கு அவை வசதியானவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கடியபட்டணம் கரையில் கிடந்த பழைய கட்டுமரம் ஒன்றின் நீளத்தையும் அகலத்தையும் குறித்துக்கொண்டு, அணியத்தின் (முன்முனையின்) வளைவை அடுத்த வாரம் எடுக்கலாம் என்று திரும்பிவிட்டேன். மறுவாரம் சென்றபோது அது விறகாகியிருந்தது. ஆணியே இல்லாமல் கயிற்றால் பிணைத்து, கரைக்கு வந்ததும் பிரித்து உலர்த்தப்படும் அந்த மரங்கள் ஒவ்வொன்றும் வாச்சி என்னும் செதுக்குக் கருவியால், கண்மதிப்பில் செதுக்கப்பட்டவை. அந்த வளைவைப் புகைப்படத்திலிருந்து மீட்க நான் செய்த முயற்சிகள் எல்லாம் வீணாயின.

அளந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நீளத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும்; 7 மீட்டர் நீளமும் 300 கிலோ எடையும் கொண்ட கட்டுமரம் 70 செ.மீ. நீளத்தில் 300 கிராமுக்குள் அடங்க வேண்டும். பாய்க்கயிற்றை இழுக்க ஒன்று, துடுப்பைத் திருப்ப ஒன்று என இரண்டு சர்வோக்கள் (ரிமோட்டின் கட்டளைப்படி திரும்பும் சிறு மோட்டார்கள்), கட்டளையை வாங்கும் ரிசீவர், பேட்டரி ஆகிய அனைத்தும் அந்த 300 கிராமில் சேர்த்தி. கட்டுமரத்துக்கு உட்குழிவு கிடையாது என்பதால் நடுமரத்தைக் குடைந்து, நீர் புகாமல் அடைத்து, அதற்குள்தான் இவற்றை வைக்க முடியும். ரிமோட் அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை நீர் உறிஞ்சிவிடுவதால் ஆன்டெனாவின் முனை நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். நான் அதைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டினேன். வேகத்திலும் கணக்கு உண்டு; அதைப் பத்தால் அல்ல, பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 16 கி.மீ. செல்லும் ஃபைபர் வள்ளத்தின் 1/10 மாதிரி மணிக்கு 5 கி.மீ. அளவில் சென்றால்தான் அலையைப் பிளக்கும் விதம் அசலைப் போலிருக்கும். அதற்கு மேல் விரட்டினால் அது வெறும் பொம்மையாகிவிடுகிறது. பள்ளியில் பாடமாகப் படிக்கும் விகிதமும் மிதப்பு விசையும் ஒரு மாணவரின் கையில் இவ்வளவு தெளிவாக வந்து அமரும் வேறு வழியை நான் அறியேன்.



மாவட்ட நிர்வாகத்திடம் என் வேண்டுகோள் இரண்டு. கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில், மாவட்டத்தின் கடற்கலங்களை ஒரே அளவில் செய்த மாதிரிகளுக்கும் அவற்றின் வரைபடங்களுக்கும் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். கரையூர்களில் இன்னும் இருக்கும் முதிய மரவேலைக்காரர்களைத் தகுந்த ஊதியத்துடன் அழைத்து அப்பணியை மேற்பார்க்கச் செய்ய வேண்டும். அடுத்து, ஞாயிறு காலைகளில் மின்மோட்டார் மாதிரிகளையும் பாய் மாதிரிகளையும் மட்டும் ஓட்ட, பறவைகளுக்கு இடையூறில்லாத குளம் ஒன்றில் அனுமதி தர வேண்டும். 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகளில் எந்த மாதிரியையும் யாரும் இறக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இதுவரை நான் அளந்து வரைந்துள்ள படங்களின் நகல்களை அருங்காட்சியகத்துக்கு அளிக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குளச்சல்